உருளைக்கிழங்கு வெந்த கப்பல் மணி

அண்ணன் கனடாவில், தங்கை நோர்வேயில், மைத்துனர் அவுஸ்திரேலியாவில் என்று குடும்பங்கள் சிதறிக் கிடக்கும் இக்காலத்தில், விடுமுறை வந்தால் நம்மவர் உறவினரைக் காணக் கடல் கடந்து போவது வழக்கமாகிவிட்டது. போன இடத்தில் உயர்ந்த கோபுரத்தையும் பெரிய கடைத்தெருவையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றோம். நியூசிலாந்துப் பக்கம் செல்ல வாய்ப்போர்க்கு இவற்றினும் அரிய பொருள் ஒன்று உண்டு. தலைநகர் வெலிங்ரனின் துறைமுகக் கரையில், 1998இல் திறக்கப்பெற்ற தெ பாப்பா என்னும் தேசிய அரும்பொருட்சாலையின் சேகரிப்பில் அது இருக்கின்றது. ஒரு சாணுக்கும் குறைவான உயரமுடைய, கீழ்ப்பகுதி உடைந்துபோன வெண்கல மணி. அதனைச் சுற்றித் தமிழ் எழுத்துகள் ஓடுகின்றன.

இம்மணியை வெளியுலகம் அறியச் செய்தவர் வில்லியம் கொலென்சோ என்னும் ஆங்கிலேயர். மதப்பணிக்குழுவின் அச்சுக்கலைஞராக 1834இல் நியூசிலாந்து வந்தவர். அந்நாட்டின் பூர்வீகக் குடிகளான மாவோரி மக்களின் மொழியில் முதல் நூலை 1835இல் அந்நாட்டிலேயே அச்சேற்றியவர். 1836ஐ ஒட்டிய காலத்தில் நாட்டின் வடபகுதியில் வங்காரெய் என்னும் இடத்துக்கு அண்மையில் அவர் சென்றபோது, மாவோரிப் பெண்கள் விந்தையானதொரு பாத்திரத்தில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தனர். உற்றுப் பார்த்தால் அது கவிழ்த்து வைத்த மணி. பெருங்காற்றில் வேரோடு சாய்ந்த பெருமரமொன்றின் அடியில் அது கிடைத்ததென்றும், நெடுநாளாகத் தம்மிடம் இருப்பதென்றும் அவர்கள் கூறினர். இரும்புப் பானையொன்றைக் கொடுத்து மாற்றாக மணியை அவர் பெற்றுக்கொண்டார் என்பர்.

அச்செழுத்துகளைக் கோத்துக் கோத்துக் கை பழகிய மனிதர் அவர். ஆயினும் மணியில் இருந்தவை என்ன எழுத்துகள் என்பது அவருக்கு விளங்கவில்லை. தமிழ் அறிந்தோர் பார்வைக்கு அவை பின்னர் எட்டியபோதே பொருள் வெளியாயிற்று. 'முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி' என்பதே வாசகம். கொலென்சோ 1899இல் காலமான பின் மணி அரசின் அரும்பொருட்சாலைக்குச் சேர்ந்தது.

இதனைக் கொண்டு 'நியூசிலாந்தை முதலிற் கண்டவன் தமிழனே' என்று மேடைகளில் முழங்குவோர் உளர். தஸ்மன் 1642இல் வந்தார், குக் 1769இல் வந்தார், நாமோ அவர்களுக்கும் முந்தியவர்கள் என்பது அவர்கள் வாதம். கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றது. வரலாறு படிப்பித்தவர்கள் என்ற முறையில் நமக்கு ஒரு தயக்கம் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே அத்தீவுகளில் மனிதர் இருந்தார்களா என்பது ஒருபுறம் கிடக்க, ஐரோப்பியர் வருமுன்னரே மாவோரி மக்கள் அங்கு குடியேறியிருந்தனர் என்பதில் ஐயமில்லை. கண்டுபிடிக்க அங்கே ஆளில்லா நாடு இருக்கவில்லை.

மணி என்ன சான்று தருகின்றது? எழுத்துகளில் இன்று வழக்கொழிந்த வரிவடிவங்கள் சில இருப்பதால் அதன் வயது ஏறக்குறைய 500 ஆண்டு என்று மதிப்பிட்டோர் உண்டு. வார்க்கப்பெற்ற காலம் வேறு, கரை சேர்ந்த காலம் வேறு என்பதை மறத்தலாகாது. உருளைக்கிழங்கோ 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் வழியே அந்நாட்டை அடைந்த பயிர். ஆகவே கொலென்சோ கண்ட அடுப்புக் காட்சி மணியின் பழமைக்குச் சாட்சியாகாது. மாவோரி மக்கள் மட்பாண்டம் வனைந்தவர்களும் அல்லர், உலோகம் உருக்கியவர்களும் அல்லர். நிலத்திற் குழி தோண்டிச் சூடேறிய கற்களால் உணவை வேகவைத்தவர்கள். நெருப்பின் மேல் ஏற்றக்கூடிய உலோகப் பாத்திரம் அவர்களுக்கு எத்துணை அருமையானது என்பதை எண்ணினால், உடைந்த மணியைப் பேணி வைத்திருந்ததன் காரணம் புலனாகும்.

அது வந்த வழி பற்றிப் பலர் பலவாறு உரைப்பர். தமிழ்க் கப்பலொன்று திசை தவறி அலைந்திருக்கலாம். ஆளின்றி மிதந்த மரக்கலம் நீரோட்டத்தில் வந்திருக்கலாம். போர்த்துக்கேயர் பிடித்த கப்பலின் மணி அவர்தம் கப்பலில் ஏறியிருக்கலாம். 1800ஐ ஒட்டிய காலத்தில் மரமும் கடல்நாய்த் தோலும் தேடி அக்கரைகளுக்குச் சென்ற ஐரோப்பியரின் கப்பல்களில் லஸ்கார் எனப்பட்ட இந்திய மாலுமிகளும் இருந்தனர். அவ்வழி வந்ததென்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகின்றது. நம்மவர் நெடுங்கடல் ஓடியதற்குச் சான்று வேண்டுமாயின், வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த செய்தி ஆண்டும் ஊரும் பெயருமாக நம் கையில் உண்டு. அதற்காக இம்மணியை வருத்த வேண்டியதில்லை.

மணி ஐயமின்றிச் சொல்வது ஒன்றே: அது யாருடையது என்பது. முகையதீன் என்பது பாக்தாத்தில் வாழ்ந்த அப்துல் காதிர் ஜீலானி என்னும் பெரியாரின் சிறப்புப் பெயர். அவரைத் தமிழ் முஸ்லிம்கள் முகையதீன் ஆண்டவர் என்று போற்றுவர். வக்குசு என்பது 'பக்ஷ்', கொடை என்னும் பொருள்தரும் பாரசீகச் சொல். தமிழ் நாவில் அவ்வாறு திரிந்தது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய துறைகளின் மரைக்காயர்கள் இலங்கைக்கும் மலாக்காவுக்கும் கப்பல் விட்ட வணிகர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் மரபும் அவர்களிடையே இருந்தது. ஆயினும் இந்தக் கப்பலின் மணியில் பொறிக்கப்பெற்றது தமிழ் எழுத்து.

'தமிழனின் மணி' என்று பெருமை பேசுவோர் அதிலுள்ள பெயரை மட்டும் விட்டுவிட்டுப் பேசுவதை நாம் கேட்டிருக்கின்றோம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் ஓரிரு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, நம் வகுப்பறையிலும் சில வாங்குகள் வெறுமையாயின. அப்பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் எவருக்கும் பின்நின்றவர்கள் அல்லர். மறுவாரம் இடாப்புக் கூப்பிட்டபோது அவர்கள் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல் அடுத்த பெயருக்குப் போனோம். அன்று நாமும் பெயரை விட்டுவிட்டு வாசித்தவர்களே.

வெலிங்ரன் செல்வோர்க்கு இரண்டு செய்திகள். சேகரிப்பிலுள்ள பொருள்கள் எல்லாம் எந்நாளும் காட்சியில் இரா. மணியைக் காண விரும்புவோர் முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுதல் நன்று. வெளிநாட்டுப் பயணிகளிடம் 2024 முதல் நுழைவுக் கட்டணமும் அறவிடுகின்றனர். பிள்ளைகளை அழைத்துச் சென்றால் எழுத்துகளை அவர்களையே முதலில் வாசிக்க விடுங்கள். பழைய வரிவடிவமாதலால் சற்றுத் தடுமாறுவர். கப்பலும் மணியும் பாலர் வகுப்புச் சொற்களே, எப்படியும் பிடித்துவிடுவர். முன்னாலுள்ள பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.