இலைப் பங்கசும் தோற் பங்கசும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு குறிப்பு

பெருந்தோட்டங்களின் நோய் வரலாற்றை ஆராய்வோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய ஆண்டு 1869 ஆகும். அவ்வாண்டில் பதுளை மாவட்டத்து மடுல்சீமையிற் கோப்பி இலைகளிலே செம்மஞ்சட் புள்ளிகள் தென்பட்டன. ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் என்னும் பங்கசே காரணமென அதே ஆண்டிற் கண்டறியப்பட்டது. 1880இல் அதனை ஆராய மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலறிஞரைக் காலனித்துவ அரசு வரவழைத்தது. இலாபத்தைப் பங்கசு தீண்டியதும் விஞ்ஞானம் கடல் கடந்து வந்தது.

தோட்டத் தொழிலாளரின் தோலிற் படர்ந்த பங்கசின் கதை வேறு. 1872இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தொழிலாளருக்கு மருத்துவ வசதியை விதித்ததாயினும், உழைக்கும் வலுவைப் பேணுவதே அதன் உள்நோக்கமாயிருந்தது. படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் வேலையை நிறுத்துவனவல்ல. ஆகவே அவை 'கூலியின் அசுத்தம்' என்ற பெயரோடு கைவிடப்பட்டன. 1903 முதல் 1915 வரை கொழும்பிற் பணியாற்றிய அல்டோ கஸ்ரெலானி, இன்று ட்ரைக்கோபைற்றன் றூப்ரம் எனப்படும் பங்கசை 1910இல் விவரித்தார். நோய்க்கிருமிக்குப் பெயர் கிடைத்தது. நோய்க்கு இடங்கொடுத்த வாழ்நிலை ஆராயப்படவில்லை.

இப்பங்கசுகள் தோலின் இறந்த மேற்படையில் வாழ்வன. எதிர்ப்பாற்றலுள்ள உடல் அவற்றைப் பெரும்பாலும் மட்டுப்படுத்திவிடும். போசாக்கின்மை, நீரிழிவு, எச்.ஐ.வி., நீடித்த ஸ்ரீரொயிட் பாவனை ஆகியவற்றால் அவ்வாற்றல் குன்றும்போது அவை உடலெங்கும் படரும்; மயிர்க்கால்வரை ஆழ இறங்கவுங்கூடும். ஆகவே கிருமி மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை.

எதிர்ப்பாற்றலின் இழப்புக்கும் வரலாறு உண்டு. ஒற்றை லய அறையில் நெருங்கி வாழ்ந்த குடும்பங்கள், மழையில் நனைந்த படங்கோடு கொழுந்தெடுத்த பெண்கள், கொக்கிப்புழுவால் இரத்தஞ் சோர்ந்த உடல்கள் என்பன அதன் சான்றுகள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோனது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தபோது, வாக்கற்ற மக்களின் பசிக்கு நாடாளுமன்றிற் குரல் அரிதாயிருந்தது.

தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடஞ் சென்றது. உடைமை மாறியபோதும் லயம் முற்றாக மறையவில்லை. படர்தாமரைக்குக் களிம்பு தருவது மருத்துவரின் கடன். ஆயினும் உலர்ந்த வீடும், போதிய உணவும், நியாயமான கூலியும் இல்லாதவிடத்துக் களிம்பு தீர்ந்ததும் நோய் மீளும். 'அசுத்தம்' என்னும் பழஞ்சொல்லைக் கைவிட்டு, அத்தோலை நலியவைத்த உற்பத்தி உறவுகளை ஆராய்வதே நம் ஆய்வாளர் முன்னுள்ள பணியாகும்.