இர்வைன் நகரப் பூங்காக்கள்

இர்வைன் நகரப் பூங்காக்கள் என்பவை ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆரஞ்சு கவுண்டியில் உள்ள இர்வைன் நகரின் பொதுப் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், காக்கப்பட்ட குன்றுப் பகுதிகள் ஆகியவற்றைக் குறிக்கும். லாஸ் ஏஞ்சலசு நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இர்வைன், 1971 திசம்பர் 28 அன்று நகராகப் பதிவு பெற்ற ஒரு புறநகர் நகரமாகும். 2020 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 3,07,670. பழைய நகரங்களில் வீடுகளும் கடைகளும் பெருகிய பின்னர் எஞ்சிய இடங்களில் பூங்கா அமைவது பொதுவான வழக்கம். இர்வைனில் குடியிருப்புக்கான வரைபடத்திலேயே பூங்காவும் இடம்பெற்று விடுகிறது. இந்நகரின் பூங்காக்கள் எண்ணிக்கையிலும் வசதியிலும் சிறந்திருப்பதற்கு இதுவே காரணமாகும். வீடு கட்டும் நிறுவனங்களையும் நிலச் சந்தையையும் அவை பெரிதும் சார்ந்திருப்பதற்கும் இதுவே காரணம்.

பின்னணி

நகரம் அமைந்துள்ள நிலம் 19ஆம் நூற்றாண்டில் இர்வைன் குடும்பத்தின் பெரும் பண்ணையின் ஒரு பகுதியாக இருந்தது. ஆடு மாடு மேய்ச்சலும், பின்னர் ஆரஞ்சு முதலான பயிர்களும் இங்கு நடைபெற்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் புதிய வளாகம் ஒன்றுக்கு இடம் தேடியபோது, கட்டடக் கலைஞர் வில்லியம் பெரேரா இப்பண்ணையைப் பரிந்துரைத்தார். பல்கலைக்கழக வளாகம் 1965இல் திறக்கப்பட்டது. வளாகத்தின் கட்டடங்கள் ஒரு வட்டப் பூங்காவைச் சூழ்ந்து நிற்கின்றன. அப்பூங்கா முதல் வேந்தரின் பெயரால் ஆல்ட்ரிச் பூங்கா எனப்படுகிறது. வளாகத்தைச் சுற்றி ஒரு நகரம் அமைய வேண்டும் என்னும் பெரேராவின் திட்டத்தை இர்வைன் நிறுவனம் விரிவாக்கிச் செயற்படுத்தியது.

இத்திட்டத்தில் நகரம் 'ஊர்கள்' எனப்படும் தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வோர் ஊருக்கும் பள்ளி, கடைத்தொகுதி, பூங்கா, நடைபாதை ஆகியன முன்னதாகவே வரையறுக்கப்பட்டன. பிள்ளைகள் பெருஞ்சாலையைக் கடக்காமல் பள்ளிக்கும் பூங்காவிற்கும் செல்ல வேண்டும் என்பது இதன் நோக்கங்களுள் ஒன்று.

பெயர் ஒற்றுமையால் ஏற்படும் குழப்பம் ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். இர்வைன் வட்டாரப் பூங்கா எனப்படுவது இர்வைன் நகரில் இல்லை. அது ஆரஞ்சு என்னும் நகரில் உள்ளது. 1897இல் இரண்டாம் ஜேம்ஸ் இர்வைன் 160 ஏக்கர் ஓக் மரக் காட்டைக் கவுண்டிக்குக் கொடையாக வழங்கியதால் அப்பெயர் பெற்றது. கலிபோர்னியாவின் மிகப் பழைய வட்டாரப் பூங்கா அதுவே.

பூங்கா நிலம் கிடைக்கும் முறை

கலிபோர்னியாவின் குயிம்பி சட்டம், புதிய வீட்டுமனைகளை அமைப்போர் பூங்காவிற்கு நிலமோ அதற்கு ஈடான பணமோ தர வேண்டும் என்று விதிக்கும் உரிமையை நகரங்களுக்கு வழங்குகிறது. 1,000 மக்களுக்கு 3 முதல் 5 ஏக்கர் வரை கேட்கலாம். இர்வைன் உயர்ந்த அளவான 5 ஏக்கரைத் தன் விதியாகக் கொண்டுள்ளது. அதில் 2 ஏக்கர் சமூகப் பூங்காக்களுக்கும், 3 ஏக்கர் அக்கம்பக்கப் பூங்காக்களுக்கும் உரியன.

சமூகப் பூங்கா என்பது பல ஊர்களுக்குப் பொதுவானது. அதில் அலுவலர்கள் பணிபுரியும் கூடம், வகுப்பறைகள், ஒளியமைப்புடன் கூடிய திடல்கள் ஆகியன இருக்கும். அக்கம்பக்கப் பூங்கா நடந்து செல்லும் தொலைவில் உள்ள சிறு பூங்காவாகும். ஊஞ்சல், சறுக்குமரம், புல்வெளி, நிழற்கூரையின் கீழ் உணவு மேசைகள், இறைச்சி சுடும் அடுப்பு ஆகியன இதில் வழக்கமாகக் காணப்படும்.

இந்த 3 ஏக்கர் முழுவதும் நகராட்சியின் உடைமையாக இருக்க வேண்டியதில்லை. வீட்டு உரிமையாளர் சங்கங்களின் தனியார் பூங்காக்களையும் கணக்கில் சேர்க்க விதி இடமளிக்கிறது. ஆகவே, இர்வைனில் காணப்படும் பூங்காக்களுள் பல வெளியாருக்கு உரியன அல்ல. 1970களில் உருவான உட்பிரிட்ச் ஊர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள இரண்டு செயற்கை ஏரிகளும் நீச்சல் குளங்களும் ஊர்ச் சங்கத்தின் பொறுப்பில் உள்ளன. மாதந்தோறும் சங்கக் கட்டணம் செலுத்தும் குடியிருப்பாளரும் அவர்தம் விருந்தினருமே அங்கு நீந்தலாம். பராமரிப்புச் செலவு நகராட்சியின் மீது விழாதது இம்முறையின் நன்மை. ஆனால் அடுத்த ஊரில் வாழும் சிறுவனுக்கு அக்குளம் வேலிக்கு அப்பாலுள்ள குளமே.

சமூகப் பூங்காக்களும் வசதிகளும்

நகராட்சியின் பொறுப்பில் இருபதுக்கும் மேற்பட்ட சமூகப் பூங்காக்கள் உள்ளன. அவற்றுள் சில தமக்கெனத் தனி இயல்பு கொண்டவை.

எரிட்டேச் சமூகப் பூங்கா நகரின் பழைய பூங்காக்களுள் ஒன்று. குளம், கலை மையம், நூலகம் ஆகியன ஒரே இடத்தில் அமைந்திருப்பதால் பள்ளி மாணவர் மிகுதியாக வருகின்றனர். இங்குள்ள நீச்சல் மையம் நகரின் முதல் மேலாளரான வில்லியம் உலெட்டின் பெயரைத் தாங்கியுள்ளது. 50 மீட்டர் நீளமுள்ள குளங்கள் இங்கு உண்டு.

பல்கலைக்கழகச் சமூகப் பூங்காவில் 'சாகச விளையாட்டிடம்' ஒன்று உள்ளது. பலகைகளும் கருவிகளும் கொடுத்துப் பிள்ளைகளே கோட்டை கட்டி, சேற்றில் சறுக்கி விளையாட விடுவது இதன் முறையாகும். 1943இல் தென்மார்க்கின் எம்ட்ரப் பகுதியில், நிலத்தோற்றக் கலைஞர் சோரன்சென் முன்வைத்த கருத்தின்படி இவ்வகை விளையாட்டிடம் முதலில் தோன்றியது. அமெரிக்காவில் இத்தகையவை மிகச் சிலவே. இர்வைனில் இது சில ஆண்டுகள் மூடப்பட்டிருந்து, புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. புல்வெளியின் ஓரம் கூட வெட்டிச் சீர்செய்யப்பட்டிருக்கும் ஒரு நகரில், சேறாவதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருப்பது வியப்புக்குரியது.

நார்த்வுட் சமூகப் பூங்காவின் விளையாட்டிடம் கோட்டை வடிவில் அமைந்துள்ளது. இதே பூங்காவில், ஈராக், ஆப்கானித்தான் போர்களில் உயிர்நீத்த அமெரிக்கப் படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்ட கருங்கல் தூண்கள் நிற்கின்றன. 2003இல் ஊர்மக்கள் தாமாகவே நட்ட மரத்தூண்களாக இது தொடங்கியது. நிலையான நினைவிடம் 2010 நவம்பர் 14 அன்று திறந்து வைக்கப்பட்டது. நகரமன்றக் கட்டடத்தை அடுத்துள்ள கர்னல் பில் பார்பர் நினைவுப் பூங்காவும் படைவீரர் ஒருவரின் பெயரைக் கொண்டதே. கொரியப் போரின் சோசின் நீர்த்தேக்கச் சண்டைக்காக நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்ற பார்பர், இறுதிக் காலத்தில் இர்வைனில் வாழ்ந்து 2002இல் மறைந்தார்.

நாய்களுக்கான பூங்கா, நகராட்சியின் விலங்குக் காப்பகத்தின் அருகே உள்ளது. இதன் பெயர் 'சென்ட்ரல் பார்க்'. நியூயார்க்கின் புகழ்பெற்ற பூங்காவின் பெயரை, ஆங்கிலத்தில் குரைத்தல் எனப் பொருள்படும் சொல்லாக எழுத்து மாற்றி வைத்துள்ளனர். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன.

நகராட்சிப் பூங்காக்கள் தவிர, கவுண்டி நடத்தும் வில்லியம் மேசன் வட்டாரப் பூங்காவும் நகருக்குள் உள்ளது. 300 ஏக்கருக்கும் மிகுந்த பரப்புடைய இப்பூங்காவில் ஓர் ஏரியும் நீண்ட மிதிவண்டிப் பாதையும் உள்ளன.

குன்றுகளும் திறந்தவெளியும்

நகரின் வடக்கிலும் தெற்கிலும் உள்ள குன்றுகள் வேறு வகையானவை. 1988இல் வாக்காளர் ஒப்புதலுடன், இர்வைன் நிறுவனம் சில இடங்களில் கட்டடம் எழுப்பும் உரிமையைப் பெற்றது. ஈடாகப் பெரும் குன்றுப் பகுதிகளைப் படிப்படியாக நகருக்கு விட்டுக்கொடுத்தது. பொம்மர் பள்ளத்தாக்கு, குவெயில் குன்று முதலியன இவ்வாறு காக்கப்பட்டவை. பொம்மர் பள்ளத்தாக்கில் பண்ணைக் காலத்து மாட்டுப்பட்டி இன்றும் உள்ளது. பண்ணையின் காக்கப்பட்ட நிலங்கள் 2006இல் தேசிய இயற்கை அடையாளமாக அறிவிக்கப்பட்டன. 2010இல் அந்நிறுவனம் மேலும் 20,000 ஏக்கர் மலைநிலத்தைக் கவுண்டிக்கு வழங்கியது. அதன் பெரும்பகுதி நகர எல்லைக்கு வெளியே உள்ளது.

இக்குன்றுகளில் வளரும் குறும்புதர்க்காடு, அழிவை எதிர்நோக்கும் கலிபோர்னியக் கொசுபிடிப்பான் என்னும் சிறுபறவையின் வாழிடமாகும். ஆகவே எல்லாப் பாதைகளும் எந்நாளும் திறந்திருப்பதில்லை. சில பகுதிகளுக்கு வழிகாட்டியுடன் குறித்த நாட்களில் மட்டுமே செல்ல இயலும். மழைக்குப் பின்னரும், தீ அபாயம் மிகுந்த நாட்களிலும் பாதைகள் மூடப்படுகின்றன. இது வெறும் முன்னெச்சரிக்கை அன்று. 2020 அக்டோபர் 26 அன்று தொடங்கிய சில்வராடோ காட்டுத்தீயின்போது, இர்வைனின் வடக்கு ஊர்கள் உட்பட்ட பகுதியிலிருந்து சுமார் 90,000 பேர் வெளியேற நேர்ந்தது.

நீர்

ஆண்டு மழை 35 செண்டிமீட்டரைப் பெரும்பாலும் எட்டாத இவ்விடத்தில் பசும்புல் வளர்ப்பது எளிதன்று. இர்வைன் ரேஞ்ச் நீர் மாவட்டம் 1967 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து முதலில் வயல்களுக்கும், பின்னர் பூங்காக்களுக்கும் சாலையோர மரங்களுக்கும் வழங்கி வருகிறது. குடிநீருடன் கலந்துவிடாதிருக்க இந்நீர் தனிக் குழாய்களில் செல்கிறது. அக்குழாய்கள் ஊதா நிறத்தவை. இவ்வடையாள நிறம் இங்குத் தோன்றிப் பின்னர் பிற இடங்களிலும் பரவியது. பூங்காவில் ஊதா நிற மூடியோ பலகையோ காணப்பட்டால் அந்நீரைக் குடிக்கக் கூடாது என்று பொருள்.

இதே மாவட்டம் பராமரிக்கும் சான் வாக்கின் சதுப்புநிலம் 300 ஏக்கர் அளவிலானது. சான் டியேகோ ஓடையின் நீர் இங்குள்ள குளங்கள் வழியாகச் செலுத்தப்படுகிறது. உரத்திலிருந்து வரும் நைத்திரேட்டைச் சதுப்புநிலத்தின் நாணலும் நுண்ணுயிர்களும் அகற்றுகின்றன. தூய்மையான நீர் பின்னர் நியூபோர்ட் விரிகுடாவை அடைகிறது. நீர் சுத்திகரிப்பு நிலையமான இதுவே பறவை நோக்குவோர் மிகவும் விரும்பும் இடமாகவும் விளங்குகிறது.

பெரும் பூங்கா

ஆரஞ்சு கவுண்டி பெரும் பூங்கா, முன்னாள் எல் டோரோ கடற்படைக் காலாட்படை வானூர்தித் தளத்தில் அமைந்தது. 1943இல் தொடங்கிய அத்தளம் 1999 சூலை 2 அன்று மூடப்பட்டது. சுமார் 4,700 ஏக்கர் நிலத்தை என்ன செய்வது என்பதில் கவுண்டியே இரண்டாகப் பிரிந்தது. வடக்கு நகரங்களும் வணிகர்களும் பன்னாட்டு வானூர்தி நிலையம் வேண்டும் என்றனர். இரைச்சலுக்கு அஞ்சிய இர்வைனும் தெற்கு நகரங்களும் எதிர்த்தன. 1994இல் வானூர்தி நிலையத் திட்டம் சிறு வேறுபாட்டில் வென்றது. 2002 மார்ச்சு 5 அன்று, அந்நிலத்தைப் பூங்காவிற்கும் திறந்தவெளிக்கும் ஒதுக்கும் 'டபிள்யூ' முன்மொழிவு ஏறத்தாழ 58 விழுக்காடு வாக்குகளுடன் வென்றது. வாக்காளருள் பலருக்குப் பூங்காவின் மீதிருந்த விருப்பத்தைக் காட்டிலும் வானூர்தி நிலையத்தின் மீதிருந்த வெறுப்பு பெரிது எனலாம். 2003இல் தளம் இர்வைன் நகருடன் இணைக்கப்பட்டது.

கடற்படை அந்நிலத்தை நகருக்கு இலவசமாகத் தரவில்லை. 2005இல் நடந்த ஏலத்தில் லென்னார் நிறுவனம் 64.95 கோடி டாலருக்கு அதனைப் பெற்றது. வீடு கட்டும் உரிமைக்கு ஈடாக 1,300 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நகருக்கு அளித்துப் பூங்காவிற்குப் பணமும் செலுத்த உடன்பட்டது. நியூயார்க்கைச் சேர்ந்த நிலத்தோற்றக் கலைஞர் கென் சிமித் வரைந்த திட்டத்தில் செயற்கைப் பள்ளத்தாக்கு ஒன்றும் ஓடையும் இருந்தன.

முதலில் வந்தது பலூனே. 2007 சூலையில் திறக்கப்பட்ட செம்மஞ்சள் நிற ஈலியம் பலூன், எஃகு வடத்தால் தரையுடன் பிணைக்கப்பட்டு, சுமார் 120 மீட்டர் உயரத்திற்கு மக்களை ஏற்றிச் சென்றது. தொடக்கத்தில் கட்டணம் இல்லை. மேலிருந்து பார்த்தவர்களுக்கு வெற்று ஓடுபாதைகளே தெரிந்தன.

2007–2008 காலத்தில் வீட்டுச் சந்தை சரிந்ததால் வீடுகளும் எழவில்லை, அவற்றிலிருந்து வரவேண்டிய பணமும் வரவில்லை. 2012இல் மாநில அரசு மறுமேம்பாட்டு முகமைகளைக் கலைத்தபோது மற்றொரு வருவாயும் நின்றது. 20 கோடி டாலருக்கு மேல் செலவான பின்னும் பூங்காவின் சிறுபகுதியே உருவாகியிருந்தது. செலவு பற்றிய தணிக்கைகளும் நகர்மன்றப் பூசல்களும் தொடர்ந்தன. 2013 நவம்பரில் புதிய உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி பைவ்பாயின்ட் நிறுவனம் பூங்காவின் 688 ஏக்கரை உருவாக்க ஒப்புக்கொண்டது. ஈடாக, கூடுதலாக 4,606 வீடுகள் கட்ட அதற்கு அனுமதி வழங்கப்பட்டது. பள்ளத்தாக்குத் திட்டம் கைவிடப்பட்டு, விளையாட்டுத் திடல்கள் முதலிடம் பெற்றன.

194 ஏக்கர் விளையாட்டுப் பூங்காவின் முதற்கட்டம் 2017இல் திறக்கப்பட்டது. 5,000 இருக்கைகள் கொண்ட காற்பந்தரங்கு, 25 டென்னிசுத் திடல்கள், மணல் கைப்பந்துத் திடல்கள், பேஸ்பால், சாஃப்ட்பால் திடல்கள் ஆகியன இதில் அடங்கும். நான்கு தளங்கள் கொண்ட பனிச்சறுக்கு அரங்கு இதன் அருகே பின்னர் எழுந்தது. அனகைம் டக்சு பனி வளைதடியாட்ட அணி இங்குப் பயிற்சி பெறுகிறது.

தளத்தில் வானூர்திகளைத் துடைக்கப் பயன்பட்ட கரைப்பான்கள் நிலத்தடி நீரில் கலந்திருந்ததால், 1990இலேயே இவ்விடம் நாட்டின் முதன்மை நச்சுத் தூய்மையாக்கப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்நீரை இறைத்துத் தூய்மையாக்கும் நிலையம் 2007இல் தொடங்கியது. கரைப்பான் கலந்த பகுதியிலிருந்து வரும் நீர், தூய்மையாக்கிய பின்னும் குடிநீராக்கப்படாமல் பாசனத்திற்கே விடப்படுகிறது.

வைல்டு ரிவர்சு என்னும் நீர் விளையாட்டுப் பூங்கா 1986 முதல் 2011 வரை நகரின் மற்றொரு பகுதியில் குத்தகை நிலத்தில் இயங்கியது. குத்தகை முடிந்ததும் அவ்விடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. பதினொரு ஆண்டுகள் கழித்து, 2022 சூலையில், அது பெரும் பூங்காவில் மீண்டும் திறக்கப்பட்டது. இங்கு நுழைவுக் கட்டணம் உண்டு.