பளை: வாயிலும் வயலும்

யாழ்ப்பாணக் குடாநாடு ஒடுங்கிப் பெருநிலத்தை எட்டும் தென்கிழக்குப் பகுதி பச்சிலைப்பள்ளி எனப்படும். அதன் நடுவே கண்டி வீதியை அண்டியுள்ள சிற்றூர் பளை. புவியியலால் இது குடாநாட்டைச் சேர்ந்தது. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபின் நிருவாகத்தால் வன்னிக்குரியதாயிற்று. இவ்விரட்டை நிலையாலேயே போலும், வரலாறு எழுதியோர் பெரும்பாலும் இதனை ஒரு வாயிலாக மட்டும் கண்டு கடந்து சென்றனர்.

வாயில் என்பது ஆள்வோரின் நோக்கு. ஒல்லாந்தர் காலத்தில் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி என்பவற்றோடு பச்சிலைப்பள்ளியும் ஒரு மாகாணமாகக் கொள்ளப்பட்டது. 1672இல் வெளிவந்த பல்தேயு பாதிரியாரின் நூல் புலோப்பளை, முகமாலை முதலிய ஊர்களின் தேவாலயங்களைக் குறிப்பிடுகின்றது. இயக்கச்சியிற் சிதைந்து கிடக்கும் ஒல்லாந்தர் கோட்டை, வன்னிக்கும் குடாநாட்டுக்குமிடையே போவார் வருவாரைக் கண்காணித்தது.

ஆயின் இப்பகுதியின் ஊர்ப்பெயர்கள் வேறொரு வரலாற்றைச் சொல்கின்றன. தர்மக்கேணி, அரசர்கேணி, வேம்பொடுகேணி, கோவில்வயல் என நீரும் நெல்லுமே பெயர்களாயின. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத மணற்பாங்கான நிலம். மாரி மழையை நம்பிய மானாவாரிப் பயிர். அருகே கடல்நீரேரியின் உவர். இந்நிலையிற் கேணி தோண்டுதல் அறச்செயல் மட்டுமன்று, உற்பத்தியின் முதல் நிபந்தனையுமாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலத்தின் பொருளே மாறிற்று. உரித்து நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியன என 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கொண்டது. அப்பத்தாண்டிலேயே ஐரோப்பியர் பச்சிலைப்பள்ளியில் தென்னந்தோட்டங்களைத் திறந்தனர். ஏட்டில் வெறுந்தரவையெனப் பதியப்படும் நிலம், மாடு மேய்த்தவனுக்கும் விறகு பொறுக்கியவளுக்கும் வெறுநிலமன்று என்பது நோக்கற்பாலது. காலப்போக்கில் தோட்டங்கள் சுதேசச் செல்வர் கைக்கு மாறின. உடைமை மாறியதேயன்றித் தேங்காய் உரித்தவர், கிடுகு பின்னியவர் நிலை மாறியதெனக் கொள்வதற்கில்லை.

1902இல் காங்கேசன்துறையிலிருந்து புறப்பட்ட புகையிரதம் பளை வரை வந்தது. 1905இல் பாதை கொழும்புடன் இணைந்தது. 1990இல் நின்றுபோன சேவை, 2014 மார்ச்சில் இம்முறை தெற்கிலிருந்து பளையை அடைந்து, ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை நீண்டது. ஒரே ஊர் இருமுறை, இரு திசைகளிலிருந்தும் பாதையின் முடிவிடமாயிற்று.

இவ்விரு முடிவிடங்களுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் போர் வந்தது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தபின், முகமாலை இரு படைகளின் முன்னரங்காயிற்று. 2002இன் போர்நிறுத்தத்தின்போது அதுவே சோதனைச்சாவடி. 2006 ஓகஸ்டில் அதுவும் மூடப்பட்டது. 2009 தொடக்கத்தில் இராணுவம் பளையைக் கைப்பற்றியபோது, தென்னைகள் வட்டிழந்து மொட்டையாக நின்றன. முகமாலையிற் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அதிற் பெண்களும் பெருந்தொகையாகக் கூலிக்கு அமர்ந்தனர்.

நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். காணியுடையோர் அக்காலத்தைக் காத்திருந்து கடக்கலாம். மீள்குடியேற்றத்தின்போது வீட்டுத்திட்டங்கள் காணி உரித்தைக் கேட்டன. பிறர் தோட்டத்தின் ஓரத்திற் குடிசை கட்டித் தலைமுறையாக உழைத்தவர் எந்த உறுதியைக் காட்டுவர்? கச்சேரி ஏடுகளில் இவர்களைத் தேடுவதைவிட, கேணியடிகளில் முதியோரிடம் கேட்டு எழுதுவதே பச்சிலைப்பள்ளி வரலாற்றாய்வாளர் இன்று உடனடியாகச் செய்யவேண்டியது. அம்முதியோர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.