பனியாறும் காட்டுமலரும்: மேரி வாக்ஸ் வால்காட்டின் சூழலியல் ஆவணப் பணி

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கக் குவேக்கர் மரபில் தோன்றிய மேரி வாக்ஸ் வால்காட் (1860–1940) பெரும்பாலும் மலர் ஓவியராகவே அறியப்படுகிறார். பனியாறுகளை அளந்து பதிவுசெய்த அவரது பணி போதிய கவனம் பெறவில்லை. இவ்விரு பணிகளும் ஒரே நோக்குமுறையின் இரு வெளிப்பாடுகள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குவேக்கர், பனியாறு, தாவர ஓவியம், சூழலியல் வரலாறு, பெண்கல்வி.

முன்னுரை

‘நண்பர்கள் சங்கம்’ எனப்படும் குவேக்கர் சமயத்தார் எளிமையையும் வாய்மையையும் வாழ்வின் சான்றுகளாகக் கொண்டனர். ஆடம்பரம் எனக் கருதிக் கலைகளை நீண்டகாலம் ஐயத்துடனேயே நோக்கினர். எனினும், படைப்பை அறியும் வழி என்னும் நிலையில் இயற்கையை வரைதல் அவர்களிடையே இடம்பெற்றது. பிலடெல்பியாவின் வில்லியம் பார்ட்ரம் (1739–1823) இம்மரபின் முன்னோடி. அதே நகரில், அதே மரபில் பிறந்தவர் மேரி.

இளமையும் பொறுப்பும்

1879இல் குவேக்கர் பள்ளியொன்றில் கல்வியை நிறைவுசெய்தார். மறுஆண்டு தாய் மறைந்ததால், தந்தையையும் தம்பியர் இருவரையும் பேணும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. உயர்கல்வி அவருக்குக் கிட்டவில்லை. அவரது அறிவியற் பயிற்சி கோடைக்காலப் பயணங்களிலேயே அமைந்தது.

பனியாற்று அளவீடு

கனடாவின் பசிபிக் இருப்புப்பாதை மலைகளைக் கடந்து அமைந்ததன்பின், 1887இல் வாக்ஸ் குடும்பத்தார் செல்கர்க் மலைத்தொடரிலுள்ள இல்லிசில்லிவெட் பனியாற்றைக் கண்டு ஒளிப்படம் எடுத்தனர். 1894இல் மீண்டும் சென்றபோது, பனியாறு பின்வாங்கியிருந்தது புலனாயிற்று. அதன்பின் ஜார்ஜ், வில்லியம் ஆகிய தம்பியருடன் இணைந்து ஆண்டுதோறும் ஒளிப்படம் எடுத்தும் அளந்தும் மாற்றத்தைப் பதிவுசெய்தார். தொடக்கக்கால ஆய்வுக்கட்டுரைகள் தம்பியர் பெயரிலேயே வெளிவந்தன. 1908இல் வில்லியம் மறைந்த பின்னரும் மேரி அப்பணியைக் கைவிடவில்லை. 1900இல் பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட ஸ்டீபன் மலையுச்சியை அடைந்த முதற்பெண்ணும் அவரே.

மலர் ஓவியங்கள்

அரிய ஆர்னிகா மலரொன்றை வரைந்து தருமாறு தாவரவியலார் ஒருவர் வேண்டியதே அவரைத் தாவர ஓவியத்தில் ஆழ்ந்து ஈடுபடச் செய்தது. 1914இல், தந்தையின் எதிர்ப்பையும் மீறி, ஸ்மித்சோனியன் நிறுவனச் செயலாளரான சார்லஸ் டூலிட்டில் வால்காட்டை மணந்தார். கணவர் புதைபடிவங்களைத் தேடிய மலைகளில் இவர் மலர்களைத் தேடினார். 1925 முதல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட ‘வட அமெரிக்கக் காட்டுமலர்கள்’ ஐந்து தொகுதிகளில் 400 ஓவியங்களைக் கொண்டது.

மதிப்பீடு

மேரியை இன்றைய பொருளில் சூழலியல் போராளி எனல் காலவழுவாகும். அவர் இயக்கம் நடத்தியவர் அல்லர். புவிவெப்பமாதல் குறித்த விவாதமும் அவர் காலத்தில் வலுப்பெற்றிருக்கவில்லை. அவர் கண்ட பின்வாங்கலில் ‘சிறு பனியுகம்’ முடிவுற்றதன் இயற்கைக் காரணங்களும் அடங்கும். அவர் சென்ற இருப்புப்பாதையே அம்மலைகளுக்குச் சுற்றுலாப் பெருக்கத்தையும் கொணர்ந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று.

ஆயினும், மாற்றத்தை மெய்ப்பிக்க முந்தைய நிலையின் நம்பத்தகுந்த பதிவு வேண்டும். ஒரே இடத்திற்கு மீண்டும் மீண்டும் சென்று, கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் பதிந்தமையே அவரது பங்களிப்பு. மலரைச் செடியிலிருந்து நேர்கண்டு இயல்பான அளவிலேயே வரைந்ததிலும் இதே ஒழுங்கு புலப்படுகிறது. குவேக்கர் மரபு வலியுறுத்திய வாய்மை இங்கு அறிவியல் நெறியாக உருப்பெற்றுள்ளது எனலாம்.

முடிவுரை

பட்டமோ பதவியோ இன்றி ஒரு பெண் மேற்கொண்ட கோடைக்காலப் பதிவுகள், இன்று பனியாற்று வரலாற்றை ஆராய்வோர்க்கு ஆதாரமாகின்றன. ‘பொழுதுபோக்கு’ எனத் தள்ளப்பட்ட குடும்ப ஒளிப்படங்களும் நாட்குறிப்புகளும் சூழலியல் வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாதல் கூடும். அவற்றைத் தேடித் தொகுக்கும் கடமையை மேரியின் வாழ்வு ஆய்வாளர்க்கு உணர்த்துகிறது.