சிதறிய சுருள்களைத் தேடிய தமிழர்

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற ‘சமாரியா’ என்னும் கப்பலில் தமிழ் இளைஞர் ஒருவர் பயணம் செய்துகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். அண்ணலின் வாழ்க்கையை உண்மைக் காட்சிகளைக் கொண்டே ஒரு திரைப்படமாக ஆக்கவேண்டும் என்னும் எண்ணம் அக்கப்பலில்தான் அவருக்கு உதித்தது. வயது இருபத்தாறுகூட நிறையாத அவ்விளைஞரே, பின்னாளில் தமிழ்ப் பயண இலக்கியத்தின் முன்னோடி எனப் போற்றப்பட்ட ஏ. கே. செட்டியார்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்த செட்டியார், இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலையை முறையாகப் பயின்றார். எழுதுகோலும் கேமராவும் ஒரே கையில் சேர்ந்தது தமிழுக்கு வாய்த்த நற்பேறு எனலாம்.

எனினும் அவர் மேற்கொண்ட பணிக்கு ஒரு கேமரா மட்டும் போதுவதாக இல்லை. கடந்துபோன நாளை எந்தக் கேமராவும் படம் பிடிக்க இயலாது. தென்னாப்பிரிக்க அறப்போராட்டம் 1914இலேயே முடிந்துவிட்டது. 1930இன் தண்டி யாத்திரையும் 1931இன் இலண்டன் வட்டமேசை மாநாடும் நடந்தேறிவிட்டன. அந்நிகழ்ச்சிகளைப் படமெடுத்தவர்களோ பல நாட்டினர். அச்சுருள்கள் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. தன் வரலாற்றின் காட்சிகளை இந்தியா பிறர் வீட்டுப் பெட்டிகளில் தேடவேண்டிய நிலையில் இருந்தது. அந்நாளில் அது தன்னாட்சி பெற்ற நாடும் அன்று. அச்சுருள்களைத் திரட்டிக் காக்க அதற்கு ஓர் ஆவணக் காப்பகமும் இல்லை.

அரசு ஒன்று செய்யவேண்டிய அப்பணியைத் தனிமனிதர் ஒருவர் மேற்கொண்டார். நான்கு கண்டங்கள், ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல், மூன்றாண்டுக்கு நெருங்கிய காலம் என நீண்டது அவர் பயணம். முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த காட்சிகளிலிருந்து 50,000 அடிப் படச்சுருளை அவர் திரட்டினார். 1912இல் கோகலே தென்னாப்பிரிக்காவிற்குச் சென்றபோது எடுக்கப்பட்ட காட்சிகளும் அவற்றுள் அடங்கும். திரட்டியவற்றிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்து தொகுத்தார். இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக ஓடக்கூடிய ‘மகாத்மா காந்தி’ என்னும் அப்படம், 1940 ஆகஸ்டு 23ஆம் நாள் தமிழ் விளக்கவுரையுடன் வெளிவந்தது. தெலுங்கிலும் இந்தியிலும் அது பின்னர் அமைந்தது. 1953இல் ஆங்கிலப் பதிப்பு அமெரிக்காவில் வெளியாயிற்று. இந்திய விடுதலையின் வரலாற்றைத் திரையில் கோத்த இம்முயற்சி முதலில் தமிழில் பேசியது என்பது மாணவர் மனங்கொள்ளத்தக்கது.

தேடித் தொகுத்தல் அவருக்கு வாழ்நாட் பழக்கமாயிற்று. 1943இல் தொடங்கிய ‘குமரி மலர்’ இதழில் பழைய எழுத்துகளைத் தேடியெடுத்து மறுபடியும் வெளியிட்டார். ‘மலேயா முதல் கனடா வரை’ என்னும் அவருடைய நூலின் பெயரே அவர் கால்கள் அளந்த தொலைவைக் காட்டும். இத்தனை எழுதியும், தம்மை முன்னிறுத்திக்கொள்ளாத பண்பு அவரிடம் இருந்தது. 1983இல் அவர் மறைந்தார்.

அவ்வளவு பாடுபட்டுத் தொகுத்த படத்தின் கதி என்ன? 1940இல் வெளிவந்த முழுமையான தமிழ்ப் பதிப்பு இன்று காணக் கிடைப்பதில்லை. ஆங்கிலப் பதிப்பின் படி ஒன்று மிகப் பிந்திய காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டறியப்பட்டது. அக்காலத் திரைப்படச் சுருள்கள் நைட்ரேட் என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் போன்ற நாடுகளில் அவை விரைந்து சிதையும். தேடித் தந்தவர் தம் கடமையை நிறைவேற்றினார். பெற்றவர்கள் காக்கத் தவறினர்.

இப்பாடம் மலேசியத் தமிழருக்கும் உரியது. இந்நாட்டில் தேசிய ஆவணக் காப்பகம் 1957இலேயே அமைந்தது. ஆயினும் தோட்டப்புறத் தமிழரின் அன்றாட வாழ்வைக் காட்டும் பழைய படங்கள் பெரும்பாலும் துரைமார்களின் கேமராக்கள் பார்த்தவையே. பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, லயத்து வாசல், தோட்டப் பள்ளியின் ஒற்றை அறை ஆகியவற்றை உள்ளிருந்து கண்ட படங்கள் தகரப் பெட்டிகளிலும் சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டங்களிலுமே எஞ்சியுள்ளன. செனாய் வட்டாரத்தையே நோக்குக. ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது. 1974இல் விமான நிலையம் திறக்கப்பட்டது. தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும் தொடர்ந்தன. அவற்றின் அடியில் மறைந்த லயங்களில் வாழ்ந்தவர்கள் முதுமை எய்திவிட்டனர். படத்தில் நிற்பவர் இன்னார், இடம் இன்னது, ஆண்டு இன்னது என்று சொல்லக்கூடியவர் மறைந்தபின், படம் இருந்தும் பயனில்லை.

இதற்கு ஓர் இலட்சம் மைல் செல்லவேண்டுவதில்லை. மாணவர் ஒருவர் தம் பாட்டியிடம் ஒரு படத்தைக் காட்டி, அவர் சொல்லும் பெயர்களை அதன் பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதி வைத்தாலே போதும். அப்படங்களின் படிகளைப் பள்ளி நூலகம் ஓர் ஏட்டில் சேர்த்துக் காக்கலாம். செட்டியார் உலகெங்கும் அலைந்து செய்த பணியை ஒரு தமிழ்ப்பள்ளி தன் வாசலிலேயே தொடங்க முடியும்.