கழித்துக்கொண்ட மூன்று டாலர்

1873இல் ஜோதிராவ் பூலே தமது 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். யார் அந்த மக்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்கு லிங்கன் பெயரோடு பேச்சு நின்றுவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சுமார் 1,79,000 கறுப்பினச் சிப்பாய்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து வந்தவர்கள். அவர்களைப் பற்றி நாம் பேசியாக வேண்டும், குறிப்பாக அவர்களுடைய சம்பளத்தைப் பற்றி.

வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், உடுப்புப் படி தனி. கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர். அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். கையில் கிடைப்பது 7. சார்ஜென்டாக உயர்ந்தாலும் அதே 7 தான். இவர்கள் குழி வெட்டுவார்கள், மூட்டை சுமப்பார்கள் என்ற கணக்கில் 1862இல் எழுதிய சட்டம் அது. துப்பாக்கியைக் கொடுத்த பிறகும் கணக்கை மாற்றவில்லை.

1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவில் வாக்னர் கோட்டையைத் தாக்கியது 54ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவு. போன சுமார் 600 பேரில் 270 பேர்வரை செத்தும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். அதே வாரத்தில்தான் நியூயார்க்கில் கட்டாய ஆள்சேர்ப்புக்கு எதிராகக் கலவரம். 300 டாலர் கட்டினால் பணக்காரன் தப்பிக்கலாம் என்றது சட்டம். ஆத்திரப்பட்ட ஐரிஷ் ஏழைகள் பலர், கறுப்பினத்தவரை அடித்துக் கொன்றார்கள், அவர்களுடைய அனாதைக் குழந்தைகளின் இல்லத்தைக் கொளுத்தினார்கள். அந்த ஐரிஷ்காரர்களும் பிழைக்க வந்தவர்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் இதே படையில் செத்துக்கொண்டிருந்தார்கள். மேலே இருப்பவன் மீது வந்த கோபம் கீழே இருப்பவன் மீது இறங்குவது நாம் பார்க்காததா?

54ஆம் பிரிவு அந்த 7 டாலரைத் தொட மறுத்தது. மீதியை நாங்களே தருகிறோம் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தபோது அதையும் மறுத்தது. வீட்டில் பெண்டு பிள்ளைகள் தவிக்க, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு சம்பளமில்லாமல் போரிட்டார்கள். நாங்கள் சிப்பாய்களா, கூலிகளா என்று கேட்டு ஜேம்ஸ் ஹென்றி கூடிங் என்ற கார்ப்பரல் லிங்கனுக்கே கடிதம் எழுதினார். பணத்துக்கான சண்டையாக மட்டும் இதைப் படிப்பவர்களுக்கு இந்த மறுப்பு விளங்காது.

எல்லோராலும் அப்படி மறுத்துவிட்டு உயிரோடு இருக்க முடியவில்லை. தென் கரோலினா 3ஆம் பிரிவில் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர், அடிமையாக இருந்தவர். 1863 நவம்பரில் தம் ஆட்களோடு போய், தளபதியின் கூடாரத்துக்கு முன் துப்பாக்கிகளை அடுக்கிவைத்தார். சம சம்பளம் இல்லையேல் வேலை இல்லை என்றார். கலகக் குற்றம் சாட்டி 1864 பிப்ரவரி 29 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

நான்கு மாதம்கூட ஆகவில்லை, ஜூனில் சம சம்பளச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு கோடு கிழித்தார்கள்: போர் தொடங்கியபோது சுதந்திரமாக இருந்தவர்களுக்குப் படையில் சேர்ந்த நாளிலிருந்து பாக்கி, அடிமையாக இருந்தவர்களுக்கு 1864 ஜனவரியிலிருந்து மட்டும். வாக்கர் துப்பாக்கியைக் கீழே வைத்த அந்த நவம்பர் மாதம் கணக்கில் வரவே இல்லை. தென் கரோலினா பிரிவுகளின் முழுப் பாக்கிக்கு 1865 மார்ச்சில் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.