பாசுபதமும் அணுகுண்டும்

பாரத தேயத்தின் அணுப்படைக் கொள்கையைக் குறித்து மேடையேறிப் பேசுவோர் நம் இதிகாச புராணங்களினின்று பெயர்களையும் கதைகளையும் எடுத்தாளுதல் வழக்கமாகிவிட்டது. பிரமாத்திரம் என்றும், பாசுபதம் என்றும், சத்தி என்றும், நெற்றிக்கண் என்றும் வரும் அச்சொற்கள் கேட்போர் உள்ளத்தில் எழுச்சி விளைத்தல் இயல்பே. ஆயினும், அப்படைகளைக் கூறும் நூல்கள் அவற்றை யாவர்க்கு, எவ்விதியின்கீழ், எவ்வளவின் அளித்தன என்பது அம்மேடைகளிற் சொல்லப்படுவது அரிது. பாசுபதம் பசுபதியின் பெயர் தாங்கிய படையாதலின், இவ்வாராய்ச்சி அரசியலார்க்கே உரியதென்று சைவர் வாளாவிருத்தல் ஆகாது.

இவ்வழக்கம் முதற்கண் பாரத நாட்டில் எழுந்ததன்று. 1945 ஜூலை 16ஆம் நாள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோப் பாலை நிலத்தில் முதல் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டது. அம்முயற்சிக்குத் தலைவராயிருந்த ஓப்பன்ஹைமர் என்பார் ஆர்தர் ரைடர் என்னும் பேராசிரியரிடம் வடமொழி பயின்று பகவத்கீதையை மூலத்திலேயே படித்தவர். அவ்வெடிப்பைக் கண்டபொழுது கீதையின் பதினோராம் அத்தியாயத்து விசுவரூபச் சுலோகம் ஒன்று தம் நினைவில் எழுந்ததாக அவர் 1965இல் தொலைக்காட்சியிற் கூறினர். அச்சுலோகத்திற் ‘காலம்’ என்று பொருள்படுவதாகப் பலருங் கொள்ளும் சொல்லை அவர் ‘மரணம்’ என்று பெயர்த்தனர். அது நிற்க. அச்சுலோகத்திற் பேசுவோன் இறைவன். கேட்டு நடுங்குவோன் அருச்சுனன். குண்டு செய்த மனிதன் தன்னை எவரிடத்தில் வைத்துக் காண்பது என்பதே ஈண்டு எழும் வினா. சோதனைக்கு மூன்று கிழமைகளுக்குப்பின் ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவும், 9ஆம் நாள் நாகசாகியும் எரிந்தன.

சித்தாந்த நூல்கள் இவ்வினாவுக்கு ஐயமற விடை கூறும். முதல்வன் செய்யும் அழித்தற்றொழில், பிறந்தும் இறந்தும் எய்த்த உயிர்களை இளைப்பாற்றும் அருட்செயலேயன்றிச் சினத்தின் செயலன்று என்பது சிவஞானசித்தியார் துணிபு. முப்புரம் எரித்த வரலாற்றுக்கும் மும்மலங்களின் காரியம் கெடுதலே பொருளெனத் திருமூலர் விளக்கினர். அவ்வெரிப்பிலும் தேரும் வில்லும் அம்பும் வேண்டப்படாது ஒழிய, இறைவன் நகைத்த அளவிலே புரங்கள் வெந்தன என்ப. ஆகலின், ஒரு நகரத்து மகளிரையும் மகாரையும் நொடியில் நீறாக்கும் கருவியைச் சங்காரமூர்த்தியின் செயலோடு ஒப்பிடுதல் உவமையின் வழுவேயாம். உயிர்க்கு இளைப்புத் தருவதும் உயிரைப் பறிப்பதும் ஒன்றாதல் யாங்ஙனம்?

பாரத நாட்டில் இப்பொருள் பற்றி முதலிற் பேசியோர் படையை விழைந்தவர் அல்லர். காந்தியடிகள் 1946 ஜூலையில் அரிசனப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், அணுகுண்டு மக்களினத்தைக் காலங்காலமாகத் தாங்கிவந்த மெல்லுணர்வை மரத்துப்போகச் செய்தது என்றும், எதிர்க்குண்டால் அதனை ஒழிக்கவியலாது என்றும் தெளித்தனர். 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் துராம்பேயில் முதல் அணுவுலை இயங்கத் தொடங்கியது. அதன் நீருள் எழும் நீலவொளியின் அழகு நோக்கிப் பிரதமர் நேரு அதற்கு அப்சரசு எனத் தேவமகளிர் பெயரையே இட்டனர். 1957 ஜனவரி 20ஆம் நாள் அதனை நாட்டுக்கு உரியதாக்கியபொழுது, எந்நிலையிலும் இவ்வாற்றலைத் தீயநோக்கிற்குப் பயன்படுத்தோம் என உறுதி கூறினர். புராணப் பெயரொன்று அணுத்தொழிலில் நுழைந்தது அழகின் பொருட்டே, அழிவின் பொருட்டன்று.

இவர்களுள் இதிகாசத்தைத் தாமே தமிழிற் கூறி, அணுகுண்டையும் எதிர்த்து நின்றவர் சக்கரவர்த்தி இராசகோபாலாசாரியார். ‘வியாசர் விருந்து’ என்னும் பெயராற் பாரதக்கதையைத் தமிழ் மக்கட்குப் படைத்தவர் அவர். 1950ஆம் ஆண்டுகளில் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு எழுதியும் பேசியும் வந்தனர். 1962 ஜூனில் காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் தில்லியில் அணுப்படை எதிர்ப்பு மாநாடு கூடிற்று. அதன்பின், அவ்வாண்டு செப்டம்பரில், 83ஆம் வயதில், திவாகரும் சிவராவும் உடன்வரக் கடல்கடந்து சென்று அமெரிக்கத் தலைவர் கென்னடியை அம்மாதம் 28ஆம் நாள் கண்டு வேண்டினர். அவரது கட்சி அப்பொழுது நேருவின் ஆட்சிக்கு எதிர்க்கட்சி. அவ்வேறுபாடு இதன்கண் தடையாகவில்லை. நீருக்கும் நிலத்துக்கும் நஞ்சூட்டும் சோதனை, போரில்லாத காலத்தும் குற்றமற்றவரை வருத்துவதாகும் என்பதே அவரது வழக்கின் உயிர்நிலை. 1963 ஆகஸ்டில் வானிலும் நீரிலும் விண்வெளியிலும் சோதனையை விலக்கும் உடன்படிக்கை மாஸ்கோவிற் கைச்சாத்தாயிற்று. பாரத அரசும் சில நாட்களிற் கையொப்பமிட்டது.

அடுத்த ஆண்டே நிலை மாறிற்று. 1964 அக்டோபர் 16ஆம் நாள் சீனம் தன் முதற்குண்டை வெடித்தது. எட்டு நாட்கள் கழித்து ஹோமி பாபா வானொலியில் பேசுகையில், உலகம் படைக்குறைப்பை நாடவேண்டும் என்பதே பேச்சின் நோக்கமாயினும், ஐம்பது அணுகுண்டுகள் பத்துக்கோடி ரூபாய்க்குள் அடங்கும் என்னுங் கணக்கு ஒன்றையும் உடன் கூறினர். கேட்டோர் நெஞ்சில் நின்றது நோக்கமன்று, கணக்கே. அக்கணக்கு அமெரிக்கர் தந்த விலைமதிப்பைக் கொண்டது. ஆலைகளும் ஏவுகருவிகளும் அதிற் சேரவில்லை. எனினும் பாராளுமன்றத்தில் அது பலகால் எடுத்தாளப்பட்டது.

1974 மே 18ஆம் நாள் இராசத்தானத்துப் பொக்ரானில் நிலத்தடியில் முதல் வெடிப்பு நிகழ்ந்தது. ‘சிரிக்கும் புத்தர்’ என்னும் பெயரால் அது பின்னர் வழங்கலாயிற்று. அந்நாள் புத்த பூர்ணிமை என்று பலரும் எழுதிவருகின்றனர். பஞ்சாங்கங் கணிப்போர் ஒப்பார். அவ்வாண்டின் வைகாசப் பூர்ணிமை மே 6ஆம் நாளே கழிந்தது. 18ஆம் நாள் தேய்பிறையிலுள்ளது. 1998 மே 11ஆம் நாட் சோதனையே பூர்ணிமையில் நிகழ்ந்தது. வடநாட்டார்க்குப் புத்தபூர்ணிமையாகிய அதுவே தமிழர்க்குச் சித்திரைப் பௌர்ணமி. அச்சோதனைகட்கு இடப்பெற்ற பெயர் ‘சத்தி’. அதற்கு முன்னரே ஏவுகணைகள் பிருதிவி, அக்கினி, ஆகாசம் எனப் பூதங்களின் பெயரும், திரிசூலம் எனச் சிவபிரான் படையின் பெயரும் பெற்றிருந்தன. சோதனைக்குப்பின் விசுவ இந்து பரிஷத்தினர் அவ்விடத்தருகே சத்திக்கு ஒரு கோயில் எடுக்க முன்மொழிந்தனர். அந்நிலத்து மண்ணை நாடெங்கும் கொண்டுசெல்லலாம் என்னும் பேச்சும் எழுந்து, கதிரியக்கம் பற்றிய அச்சத்தாற் கைவிடப்பட்டது. சிவத்தினின்றும் பிரிவற்ற அருளே சத்தி என்று ஓதும் சைவர்க்கு, அம்மண்ணைப் பிரசாதம்போற் கொள்வது எவ்வளவு புறம்பான கருத்தென்பது சொல்லாமே விளங்கும்.

பண்டை இருடிகள் அணுகுண்டையே வைத்திருந்தனர் என்று பேசுவாரும் உளர். அதற்குச் சான்றாகப் பாரதத்தினின்று எடுத்ததென அவர் காட்டும் ஆயிரஞ் சூரியர் ஒளியும் நகங்கள் உதிர்தலும் கூடிய வாசகம், வெவ்வேறிடத்துச் செய்திகளைத் துண்டித்து ஒட்டியதும் இடையிற் பெருக்கியதுமாகும். அத்தொடர்ச்சியில் அது மூலநூலில் யாண்டும் இல்லை. வானநூலும் கணிதமும் போதிய சான்றோடு நம் முன்னோர்க்குப் புகழாயிருக்க, இல்லாத குண்டை அவர் தலையிற் கட்டுதல் அவர்க்குப் பெருமையன்று. நூல்கள் கூறும் உண்மைப் பொருளை நோக்குவோம்.

வன பருவத்தில், வேடனாய் வந்து பொருது அருச்சுனனுக்கு அருள்புரிந்த இறைவன் பாசுபதத்தை அளிக்குங்கால், அதனை விடுக்கும் முறையையும் மீட்கும் முறையையும் சேர்த்தே அளித்தனன். மனத்தாலும் கண்ணாலும் சொல்லாலும் வில்லாலும் விடுக்கத்தக்கது அது. தகுந்த காரணமின்றி எவர்மேலும் விடாதே. வலிகுறைந்தான் ஒருவன்மேல் விடின் உலகமுழுதும் எரியும் என்பது உடன் சொல்லிய ஆணை. தமிழில் வில்லிபுத்தூரார் வைணவராயினும் அருச்சுனன் தவநிலைச் சருக்கத்தில் இவ்வரலாற்றைச் சிவபத்தியோடு பாடினர். தில்லைக்கு அணித்தாயுள்ள திருவேட்களம் இவ்வருள் நிகழ்ந்த தலமெனப் போற்றப்படுவது. சம்பந்தர் அப்பர் இருவர் பதிகமும் பெற்றது. ஆண்டு இறைவன் திருப்பெயர் பாசுபதேசுவரர். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் நாள்தோறும் அக்கோயிலைக் கடந்தே செல்கின்றனர்.

அதே பருவத்திற் பின்னர் வரும் நிகழ்ச்சி ஒன்று மேடைப்பேச்சாளர் நாவில் வந்ததாகத் தெரியவில்லை. வானுலகினின்று மீண்ட அருச்சுனனை நோக்கித் தருமன், நீ பெற்ற தெய்வப்படைகளைக் காணவேண்டும் என்றான். போரில்லை, பகைவர் எதிரில் இல்லை. காட்சி ஒன்றே கருத்து. அருச்சுனன் உடல் தூயனாகிப் படைகளை நினைந்த அளவிலே நிலம் நடுங்கிற்று, கடல் கலங்கிற்று, காற்று அடங்கிற்று, நிலத்துள் வாழும் உயிர்கள் வெளிப்போந்து கைகூப்பி நின்றன. அந்நிலையில் தேவர் ஏவ நாரத முனிவர் வந்து, இலக்கின்றித் தெய்வப்படையை விடுதல் ஆகாது, இலக்கு உளதாயினும் இடர் மிகுந்தாலன்றி விடுதல் ஆகாது, முறைகடந்தால் மூவுலகும் கெடும் என்று தடுத்தனர். அணுப்படையைச் சோதித்தல் தகுமா என்று இந்நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் எழுந்த வழக்கிற்கு இதனின் நெருங்கிய பழங்கதை வேறில்லை. 1962இல் அமெரிக்கா சென்ற முதியவர் நாரதர் பணியையே மேற்கொண்டார் எனலாம். 1998 சோதனைகளை முடித்த உடனே, இனிச் சோதியோம் எனப் பாரத அரசு தானாகவே அறிவித்தது; விரிந்த சோதனைத்தடை உடன்படிக்கையில் மட்டும் கையொப்பமிடவில்லை. அவ்வறிவிப்பு இதுகாறும் காக்கப்பட்டே வருகின்றது.

1999 ஆகஸ்டு 17இல் வரைவாகவும், 2003 ஜனவரி 4இல் அமைச்சரவைக் குழுவின் முடிபாகவும் வெளிவந்த கோட்பாட்டில், முதலில் அணுப்படை விடோம் என்பதும், அப்படை இல்லாத நாடுகள்மேல் விடோம் என்பதும் உள்ளன. உத்தியோக பருவத்தில் அருச்சுனன் கூற்று இதற்கு மிக அணித்து. யுகமுடிவில் உயிர்களை ஒடுக்கப் பசுபதி கொள்ளும் படை என்பால் உளது. வீடுமனும் துரோணனும் அதனை அறியார். எனினும் சாதாரண மக்களைத் தெய்வப்படையாற் கொல்லுதல் தகாது, நேர்மைப் போரால் வெல்வோம் என்று அவன் தமையனிடம் உரைத்தான். துரோணன் இவ்வரம்பைக் கடந்து, படையறியாதாரைப் பிரமப்படையால் எரித்தபொழுது, முனிவர்கள் களத்திற்கே வந்து, நீ செய்தது அறமன்று, படையைக் கீழே வை என்று இடித்துரைத்தமை துரோண பருவத்துட் காண்க. புறநானூற்றிலும், அம்பு விடுமுன் ஆவும் அந்தணரும் பெண்டிரும் பிணியுடையாரும் அரண் புகுக என அறிவிக்கும் பாண்டியன் முதுகுடுமியின் போர்முறையை நெட்டிமையார் பாடினர்.

ஆயின் அக்கோட்பாடு முழுதும் அருச்சுனன் நெறியே எனல் மிகையாம். முதலடி பட்டால் தாங்கொணா அழிவு விளைக்கும் பெருந்தண்டம் செய்வோம் என்பதும் அதிலே உளது. அத்தண்டம் படைவீரரோடு நில்லாது. உயிரியல், வேதியல் நஞ்சுகளாற் பெருந்தாக்குதல் நேரின் அணுப்படையால் எதிர்க்கும் உரிமையும் 2003இற் சேர்க்கப்பட்டது. மேலும், முதலில் விடோம் என்னும் உறுதி எந்நாளும் நிற்குமா என்பதும் பேச்சாயிற்று. 2016இல் பாதுகாப்பமைச்சர் மனோகர் பரிக்கர் அவ்வுறுதியாற் கட்டுண்பானேன் எனத் தம் சொந்தக் கருத்தாகக் கூறினர். 2019 ஆகஸ்டு 16ஆம் நாள் பொக்ரானிலேயே அமைச்சர் இராஜ்நாத் சிங், இன்றுவரை அக்கொள்கை காத்தோம், பின்வருவது சூழ்நிலையைப் பொறுத்தது என்றனர். எழுதிய கோட்பாடு மாற்றப்படவில்லை. வாஜ்பாயி காலத்து முடிபைக் கைவிடலாகாது என்பாரும், பகைவன் முதலில் அடிக்கக் காத்திருத்தல் மடமை என்பாரும், இருசாராரும் பாரதத்தையே சான்று காட்டுகின்றனர்.

அங்ஙனம் காட்டுவோர் சௌப்திக பருவத்தை இறுதிவரை படித்தல் வேண்டும். பிரமசிரம் என்னும் படையைத் துரோணன் மகனுக்கு அளித்தபொழுது, எவ்விடர் உற்றாலும் மக்கள்மேல் இதனை விடாதே என்று கட்டளையிட்டான். அசுவத்தாமன், உறங்கினாரை இரவிற் கொன்று, அஞ்சியோடி, கங்கைக்கரையில் வியாத முனிவர்பால் இருந்தபொழுது பாண்டவர் வருதல் கண்டு, ஒரு புல்லையெடுத்து அப்படையை ஏவினான். அருச்சுனன் எதிர்ப்படை விட்டான். இரண்டு தீக்கும் இடையில் நாரதரும் வியாதரும் வந்து நின்றனர். பிரமசிரம் எதிர்ப்படையால் தடுக்கப்படும் நாட்டில் பன்னீராண்டு மழை பெய்யாது என்று வியாதர் கூறினர். நோன்பிற் சிறந்த அருச்சுனன் தன் படையை மீட்டான். அசுவத்தாமனுக்கு விடுக்கத் தெரிந்தது, மீட்க இயலவில்லை. விட்ட படை எங்கேனும் வீழ்ந்தே தீரவேண்டுமாதலின், அவன் அதனைப் பாண்டவ குலத்து மகளிரின் கருவிற் செலுத்தினான்.

உத்தரையின் வயிற்றிலிருந்த மகவு உயிரின்றியே பிறந்து, கண்ணபிரான் அருளால் உயிர்பெற்றுப் பரீட்சித்து எனப் பெயர்கொண்டது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு வீழ்ந்தபொழுது தாய்வயிற்றிலிருந்த மகாருட் சிலர் சிறுத்த தலையோடும் குன்றிய அறிவோடும் பிறந்தமையை மருத்துவர் பல்லாண்டு ஆராய்ந்து பதிந்துள்ளனர்.